ஆலைச் சங்குக்கு அப்புறம் கிடைத்த நேரம்

முதல் உலகப்போரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் பெண்களைப் பற்றி ஒரு வரி தவறாமல் வந்துவிடும். ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் ஆலைக்கு வந்தார்கள் என்று. வசதியான வீட்டுப் பெண்களுக்கு இது ஓரளவு பொருந்தும். தொழிலாளிக் குடும்பத்துப் பெண்களுக்குப் பொருந்தாது. அவர்கள் எப்போது வீட்டுக்குள் இருந்தார்கள்?

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். 1914 ஜூலையில், அதாவது போருக்கு முந்தைய மாதம், அங்கே வேலையில் இருந்த பெண்கள் சுமார் 60 லட்சம். நான்கு வருடம் கழித்து, 1918 ஜூலையில், சுமார் 73 லட்சம். கூடியது 13 லட்சம். சின்ன எண் இல்லைதான். ஆனால் அந்த 60 லட்சம் பேர் போருக்கு முன்பே உழைத்துக்கொண்டிருந்தவர்கள். ஆகவே பெண்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதைவிட, பெண்கள் வேலை மாறினார்கள் என்று சொல்வதே பொருத்தம். அந்த மாற்றத்தில் அவர்களுக்கு என்ன கிடைத்தது, எது பறிபோனது, எது தங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மணி அடித்தால் ஓட வேண்டும்

போருக்கு முன் பிரிட்டனில் பெண்களுக்கு இருந்த மிகப் பெரிய தொழில் எது? நெசவாலை என்றுதான் பலரும் நினைப்போம். இல்லை, வீட்டு வேலை. சுமார் 16.5 லட்சம் பெண்கள் அடுத்தவர் வீட்டில் சமைத்து, தரை தேய்த்து, கணப்புக்கு நிலக்கரி சுமந்து பிழைத்தார்கள். பெரும்பாலும் அந்த வீட்டிலேயே தங்கல். கூரைக்கடியிலோ நிலவறையிலோ ஒரு கட்டில் கிடைக்கும். ஏழை வீட்டுப் பெண் 13, 14 வயதில் பள்ளியை விட்டதும் போகும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான்.

விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் படுத்த பிறகுதான் இவள் படுக்கலாம். வாரத்தில் ஓர் அரைநாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் வெளியே போகலாம். காதலன் என்று யாரும் பின்வாசல் பக்கம் வந்துவிடக் கூடாது. சில வீடுகளில் பெயரைக்கூட மாற்றிவிடுவார்கள். அவளுடைய சொந்தப் பெயர் வேலைக்காரிக்குப் பொருந்தாத அளவுக்கு நாகரிகமாக இருந்தால் மேரி, ஜேன் என்று ஏதாவது ஒன்றை வைத்துக் கூப்பிடுவார்கள். சம்பளம், சாப்பாடும் தங்கலும் போக, ஆரம்பநிலைப் பெண்ணுக்கு வாரத்துக்குச் சில ஷில்லிங். 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

சம்பளம் குறைவு என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அந்த வேலைக்கு முடியும் நேரம் என்று ஒன்று கிடையாது. அழைப்பு மணி எப்போது அடித்தாலும் ஓட வேண்டும். இது வேலை நேரம், இது என் நேரம் என்ற பிரிவே இல்லை. நம் ஊரில் வீட்டோடு தங்கி வேலை செய்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது தவிர லங்காஷயரின் பருத்தி ஆலைகள் இருந்தன. அங்கே தறி ஓட்டிய பெண்களுக்குச் சங்கமும் உண்டு, ஓரளவு கூலியும் உண்டு. மற்றபடி தையல் கூடங்கள், சலவைக் கூடங்கள், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டிக் கூடு ஒட்டும் வேலை.

போர் தொடங்கியதும் இவர்களுக்கெல்லாம் வேலை குவிந்ததா என்றால், இல்லை. முதலில் நடந்தது நேர்மாறு. 1914 ஆகஸ்டில் பணக்காரர்கள் சிக்கனம் என்று சொல்லிப் புதுத்துணி தைப்பதை நிறுத்தினார்கள். தையல்காரிகள் தெருவுக்கு வந்தார்கள். வட கடலில் மீன்பிடிப்பு முடங்கியதால் ஹெர்ரிங் மீனை அறுத்து உப்பிடும் பெண்களுக்கும் பிழைப்பு போயிற்று. இவர்களுக்காக ராணி மேரியின் பெயரில் நிதி திரட்டி வேலைக்கூடங்கள் திறந்தார்கள். கூலி வாரம் 10 ஷில்லிங். ராணி மேரியின் சுரண்டல் கூடங்கள் என்று அவற்றைக் கேலி செய்தார், லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட்.

குண்டுப் பஞ்சம்

கதை திரும்புவது 1915 மே மாதம். அந்த மாதம் 9ஆம் தேதி பிரான்சில் ஆபர்ஸ் மேட்டின் மீது பிரிட்டிஷ் படை நடத்திய தாக்குதல் படுதோல்வி. போதுமான பீரங்கிக் குண்டுகள் இல்லாததுதான் காரணம் என்று 14ஆம் தேதி டைம்ஸ் பத்திரிகை போட்டு உடைத்தது. பிரதமர் ஆஸ்குவித்தின் லிபரல் அரசு கூட்டணி அரசாக மாற வேண்டியதாயிற்று. படைத்தளவாடங்களுக்கென்றே புதிய அமைச்சகம் பிறந்தது. அமைச்சர் லாயிட் ஜார்ஜ்.

குண்டு வேண்டும், செய்ய ஆள் இல்லை. இளைஞர்கள் லட்சக்கணக்கில் தாங்களாகவே படையில் சேர்ந்துவிட்டார்கள். 1916 ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டமும் வந்தது. இடையில், 1915 ஜூலையில், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத் தலைவியும் சில்வியாவின் தாயுமான எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் சுமார் 30,000 பெண்கள் லண்டனில் ஊர்வலம் போனார்கள். நாட்டுக்காக உழைக்கும் உரிமையைப் பெண்களுக்குக் கொடு என்பது கோரிக்கை. ஊர்வலச் செலவுக்குப் பணம் கொடுத்தது லாயிட் ஜார்ஜின் அமைச்சகம். ஒரு வருடம் முன்புவரை இதே எம்மலினை வாக்குரிமைப் போராட்டத்துக்காகச் சிறைக்குள் தள்ளிக்கொண்டிருந்த அரசாங்கம் அது.

ஊர்வலத்தில் நடந்தவர்கள் பலர் நல்ல நிலையில் இருந்த குடும்பத்துப் பெண்கள். ஆலைக்குள் போய்க் குண்டு செய்தவர்களில் பெரும்பகுதி, முன்பு பாத்திரம் துலக்கியவர்களும் துணி தைத்தவர்களும்தான். போர் முடிவதற்குள் வீட்டு வேலையிலிருந்து மட்டும் சுமார் 4 லட்சம் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள்.

பாலில் தண்ணீர் விட்ட கதை

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்: டைலூஷன். நீர்த்துப்போகச் செய்தல். கெட்டிப் பாலில் தண்ணீர் விட்டு அளவைக் கூட்டுவதுபோல, கைதேர்ந்த தொழிலாளர்களுக்கு நடுவே பழகாத கைகளைக் கலந்து உற்பத்தியைக் கூட்டுவது.

கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையை எட்டிப் பார்த்திருந்தால் இது சட்டென்று பிடிபடும். நல்ல டர்னர் ஒருவர் வரைபடத்தைப் பார்ப்பார், இரும்பைத் தேர்ந்தெடுப்பார், லேத்தில் பூட்டுவார், டூலைத் தீட்டுவார், கடைவார், அளப்பார். முழு வேலையும் ஒரு கைக்குள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இந்தக் கை அமைய ஐந்து முதல் ஏழு வருடம் தொழில் பழக வேண்டும். அந்தப் பழகுநர் முறைதான் தொழிற்சங்கத்தின் கோட்டை. பழகாதவன் லேத்தைத் தொடக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

போர் வந்ததும் அந்த முழு வேலையை உடைத்தார்கள். ஒரு குண்டின் வெளிக்கூட்டைக் கடைவதைப் பல படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் தனி இயந்திரம் வைத்தார்கள். ஒரு பெண் நாள் முழுக்க ஒரே ஒரு வெட்டு மட்டும் வெட்டுவாள். அடுத்தவள் அளவு சரிபார்ப்பாள். இயந்திரத்தை அமைத்துக்கொடுக்க மட்டும் ஒரு அனுபவமுள்ள ஆண், செட்டர், கூடவே சுற்றிக்கொண்டிருப்பார். சில வாரப் பயிற்சியில் ஆள் தயார்.

சங்கங்கள் பயந்தன. அந்தப் பயத்தை வெறும் ஆணாதிக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் முதலாளி போர் முடிந்த பிறகும் விடமாட்டார் என்பது அவர்கள் கண்ட அனுபவம். ஆகவே 1915 மார்ச்சில் அரசோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். போர் முடியும்வரை மட்டும் பழைய விதிகளைத் தளர்த்துகிறோம், முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆக வேண்டும்.

இதில் ஒரு வேதனையான திருப்பம் உண்டு. பெண் தொழிலாளர்களுக்கென்றே மேரி மக்கார்தர் 1906-ல் தொடங்கிய தேசியப் பெண் தொழிலாளர் கூட்டமைப்பும் இந்த நிபந்தனைக்குத் தலையாட்டியது. பொறியாளர் சங்கத்து ஆண்கள் பெண்களின் கூலிக் கோரிக்கைக்குத் துணை நிற்பார்கள், பதிலுக்குப் போர் முடிந்ததும் பெண்கள் அந்த இடங்களை விட்டுவிடுவார்கள். அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் வாசலில் நுழையும்போதே வெளியேறும் தேதியில் கையெழுத்துப் போட்டாயிற்று.

சரி, கூலி எவ்வளவு? 1915 அக்டோபரில் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: ஆண்கள் செய்த வேலையைச் செய்யும் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு வாரம் ஒரு பவுண்டு. தேர்ந்த ஆணின் முழு வேலையைச் செய்தால் அவன் கூலியே அவளுக்கும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஓட்டை எங்கே என்றால், அந்த ‘முழு வேலை’யில். வேலையைத்தான் துண்டு துண்டாக உடைத்துவிட்டார்களே! நீ செய்வது அவன் செய்த வேலை இல்லை, அதில் ஒரு துண்டு. அதுவும் செட்டர் உதவியோடு. இந்த ஒரு வாதத்தை வைத்துக்கொண்டே முதலாளிகள் போர் முடியும்வரை ஓட்டினார்கள். போரின் பிற்பகுதியில் அரசின் குண்டு ஆலைகளில் ஆணின் சராசரி வாரக் கூலி 4 பவுண்டு 6 ஷில்லிங் 6 பென்ஸ். பெண்ணுக்கு 2 பவுண்டு 2 ஷில்லிங் 4 பென்ஸ். பாதிகூட வரவில்லை. விலைவாசியோ போருக்கு முன் இருந்ததைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

இருந்தாலும் அந்தப் பெண்ணின் கண்ணிலிருந்து பாருங்கள். பக்கத்து லேத் ஆணோடு ஒப்பிட்டால் பாதி. முந்தைய வருடம் எஜமானி வீட்டில் வாங்கிய சில ஷில்லிங்கோடு ஒப்பிட்டால் பல மடங்கு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. நன்றியோடு இருந்தார்களா, கோபமாக இருந்தார்களா என்று கேட்டால், இரண்டும்தான்.

வேலை பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ளலாமா? அதுவும் சுலபமில்லை. 1915 ஜூலையில் வந்த படைத்தளவாடச் சட்டப்படி, முதலாளி தரும் விலகல் சான்று இல்லாமல் வெளியேறினால் ஆறு வாரத்துக்கு வேறு ஆலையில் சேர முடியாது. ஆறு வாரம் கூலியில்லாமல் எந்தத் தொழிலாளி தாங்குவார்? எதிர்ப்பு முற்றி 1917-ல்தான் இந்த விதியை எடுத்தார்கள்.

புகைப்படத்தில் தெரியாத மஞ்சள்

குண்டின் கூட்டைக் கடைவது ஒரு வகை ஆலை. அதற்குள் வெடிமருந்தை அடைப்பது இன்னொரு வகை. ஆபத்து அங்கேதான்.

டிஎன்டி என்ற வெடிமருந்தைக் கையாண்ட பெண்களின் தோல் மஞ்சளாகும். தலைமுடியின் முன்பகுதி செம்பட்டையாகும். அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகூட மஞ்சள் பூக்கும்; அதனால் சில ஆலைகளில் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கூடமே தனி. கேனரி என்ற மஞ்சள் குருவியின் பெயரால் அவர்களைக் கேனரிப் பெண்கள் என்றார்கள். கர்ப்பமாக இருந்தவர்களில் சிலருக்கு மஞ்சள் பூத்த குழந்தைகள் பிறந்தன. அந்தக் காலத்துப் புகைப்படங்கள் எவ்வளவோ இருக்கின்றன. தொப்பியும் மேலங்கியுமாக வரிசையாக நின்று சிரிக்கும் பெண்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அந்த மஞ்சள் நமக்குத் தெரிவதே இல்லை.

தோலின் நிறம் வேலையை விட்டதும் போய்விடும். கல்லீரலைத் தாக்கினால் போகாது. டிஎன்டி நச்சால் வரும் காமாலையை 1916 ஜனவரியிலிருந்து அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கினார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் பதிவான சாவு 52. பிறகு வேலையை மாற்றி மாற்றிக் கொடுப்பது, காற்றோட்டம், மருத்துவப் பரிசோதனை என்று ஏற்பாடுகள் வந்தன, 1918-ல் சாவு 10 ஆகக் குறைந்தது.

ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் ஒன்பது மைல் நீளத்துக்கு ஓர் ஆலையை எழுப்பினார்கள். அங்கே செய்தது கார்டைட், அதாவது குண்டைப் பீரங்கியிலிருந்து உந்தித் தள்ளும் மருந்து. நீலகிரியில் அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். அது 1900களின் தொடக்கத்தில் இதே மருந்துக்காகக் கட்டப்பட்டதுதான். கிரெட்னாவில் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் பெரிய தொட்டிகளில் பெண்கள் கையால் பிசைந்தார்கள். பார்வையிட வந்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில் அந்தக் கலவைக்கு வைத்த பெயர் ‘பிசாசின் கஞ்சி’. ஆலையில் 10,000-க்கும் மேல் பெண்கள், பெரும்பாலும் இளம் வயது, பலர் நேற்றுவரை வீட்டு வேலைக்காரிகள். அவர்களுக்காகவே விடுதிகள், நடனக் கூடம், திரையரங்கு என்று இரண்டு புது ஊர்கள் முளைத்தன.

லீட்ஸ் நகருக்கு அருகே பார்ன்போ ஆலை. தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். உள்ளே நுழையும்போது மேலாடை மாற்ற வேண்டும், ரப்பர் அடிச் செருப்பு போட வேண்டும், கொண்டை ஊசிகூட இருக்கக்கூடாது. ஒரு பொறி போதும். 1916 டிசம்பர் 5, இரவு 10 மணி தாண்டியிருந்தது. இரவு ஷிஃப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. 42ஆம் எண் கூடத்தில், நிரப்பிய குண்டுகளில் அவற்றை வெடிக்கவைக்கும் ஃபியூஸ் பொருத்தும் இடத்தில், வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். உடல்களை எடுத்த சில மணி நேரத்துக்குள் மற்ற பெண்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

மறுநாள் பத்திரிகையில் எதுவும் இல்லை. எதிரிக்குத் தெரியக்கூடாது என்று தணிக்கை. குடும்பங்கள் கொடுத்த இரங்கல் அறிவிப்புகளில் விபத்தில் இறந்தார் என்று மட்டும் இருந்தது. எங்கே, எப்படி என்று இல்லை. பொதுமக்களுக்கு முழு விவரம் தெரிந்தது போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆன பிறகு. போர்முனையில் இறந்தவனுக்குப் பெயர்ப் பட்டியலில் இடம் உண்டு. இவர்களுக்கு அதுகூட இல்லை.

1917 ஜனவரியில் லண்டனின் சில்வர்டவுனில் 73 பேர், 1918 ஜூலை முதல் தேதி சில்வெல்லில் 134 பேர் என்று வெடிவிபத்துகள் தொடர்ந்தன.

மாறியது என்ன

இவ்வளவு ஆபத்தைத் தெரிந்தும் ஏன் போனார்கள்? நாட்டுப்பற்று உண்டு. அண்ணனோ கணவனோ போர்முனையில் இருக்கிறான் என்ற எண்ணம் உண்டு. கூலி உண்டு. இவற்றோடு ஆலைச் சங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

ஷிஃப்ட் 12 மணி நேரம்கூட இருக்கும், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. கொடுமைதான். ஆனால் சங்கு ஊதியதும் வேலை முடிந்தது. கதவைத் தாண்டிய அந்த நொடியிலிருந்து அவள் நேரம் அவளுடையது. யாரும் மணி அடிக்கமாட்டார்கள். கையில் சொந்தக் காசு, கூடவே இதே வயதில் நூறு தோழிகள். வீட்டு வேலைக்காரிக்கு இந்த மூன்றும் ஒருசேர வாய்த்ததில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்தார்கள்? சினிமாவுக்குப் போனார்கள். ஆண் துணையில்லாமல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்ல துணி வாங்கினார்கள். உடனே பத்திரிகைகள் ஒப்பாரி வைத்தன: குண்டு செய்யும் பெண்கள் விலங்குரோம மேலங்கி வாங்குகிறார்கள், பியானோ வாங்குகிறார்கள், ஊதாரிகள்! உழைப்பவள் கையில் நாலு காசு கூடினால் அது எங்கே போகிறது என்று கணக்குக் கேட்க எங்கும் ஆள் இருக்கிறது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். தொழிலாளிக் குடும்பங்களில் இறைச்சி இருந்தால் முதலில் சம்பாதிக்கும் ஆணுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, மிச்சம் அம்மாவுக்கு. நமக்கும் புதிதில்லாத வழக்கம். அரசு ஆலைகளில் கேன்டீன் திறக்கச் சொன்னதும், வேறு யாரோ சமைத்த சூடான சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டார்கள் இந்தப் பெண்கள். பலருக்கு வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருந்திருக்கும். இங்கிலாந்து, வேல்ஸில் 1914-ல் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் 105 இறந்தன, 1918-ல் 97. நாடே போரில் இருந்தபோது இது குறைந்ததற்கு, அடித்தட்டுக் குடும்பங்களுக்குள் கொஞ்சம் கூடுதல் காசும் உணவும் போனதை ஒரு காரணமாகச் சில வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். குழந்தைக் காப்பகங்களும் அரசு உதவியோடு நூறுக்கு மேல் திறந்தன. லட்சக்கணக்கான தாய்மாருக்கு நூறு எம்மாத்திரம்? பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் உண்மையான காப்பகம்.

பிறகு கால்பந்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. உணவு இடைவேளையில் ஆலை முற்றத்தில் பந்து உதைக்கத் தொடங்கிய பெண்கள் அணி சேர்த்தார்கள். பிரெஸ்டன் நகரின் டிக் கெர் ஆலை, முன்பு டிராம் வண்டி செய்தது, போரில் குண்டு செய்தது. அங்கத்திய பெண்கள் அணி 1917 கிறிஸ்துமஸ் நாளில் டீப்டேல் மைதானத்தில், காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்ட, இன்னொரு ஆலை அணியோடு மோதியது. பார்க்க வந்தவர்கள் 10,000 பேர். நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். போர் முடிந்தும் அணி கலையவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்கச் சுமார் 53,000 பேர் திரண்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1921 டிசம்பர் 5-ல் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. பெண்களுக்குக் கால்பந்து பொருந்தாதாம். தடை நீங்க 1971 ஆயிற்று.

சங்கத்தில் சேர்வதும் பரவியது. போருக்கு முன் நான்கு லட்சத்தைச் சுற்றி இருந்த பெண் உறுப்பினர் எண்ணிக்கை 1918-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. தனித்தனி வீடுகளின் சமையலறைகளில் சிதறிக் கிடந்தவர்களைச் சேர்ப்பது கஷ்டம். ஒரே கூரையின் கீழ் ஆயிரம் பேர் இருந்தால் சேர்ப்பது சுலபம். 1918 ஆகஸ்டில் லண்டன் பேருந்து, டிராம் நடத்துனர் பெண்கள் ஆண்களுக்குக் கொடுத்த அதே 5 ஷில்லிங் போர்ப்படி எங்களுக்கும் வேண்டும் என்று வேலையை நிறுத்தி, வாங்கியும் காட்டினார்கள்.

போர் முடிந்தது, வீட்டுக்குப் போ

வாக்குரிமை? 1918 பிப்ரவரியில் சட்டம் வந்தது. ஆனால் 30 வயது தாண்டியிருக்க வேண்டும், சொத்துத் தகுதியும் வேண்டும். குண்டு ஆலைகளில் நின்றவர்கள் பெரும்பாலும் 30-க்குக் கீழே. பெண்களின் போர்க்கால உழைப்புக்குக் கிடைத்த பரிசு என்று அந்த வாக்குரிமையைச் சொல்வார்கள். உழைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது வரவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். 1928-ல்தான் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வந்தது.

1918 நவம்பர் 11-ல் போர் நின்றது. குண்டு யாருக்கு வேண்டும்? சில நாட்களிலேயே ஆட்குறைப்பு. லண்டனின் உல்விச் ஆயுத ஆலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். பெரிய பலன் இல்லை. ஓராண்டுக்குள் சுமார் 7.5 லட்சம் பெண்கள் வெளியே. 1919-ல் போருக்கு முந்தைய தொழில் வழக்கங்களை மீட்கும் சட்டமும் நிறைவேறியது. அன்று கையெழுத்துப் போட்ட தேதி வந்துவிட்டது.

வேலையிழந்தவர்களுக்கு அரசு ஓர் உதவித்தொகை கொடுத்தது, பெண்களுக்கு வாரம் 25 ஷில்லிங். சில மாதங்களுக்கு மட்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனால் அங்கே காத்திருந்தது பெரும்பாலும் வீட்டு வேலை அல்லது சலவைக் கூடம். லேத் ஓட்டியவள், மருந்து பிசைந்தவள், எல்லோருக்கும் அதே பதில். வேண்டாம் என்றால் உதவித்தொகை வெட்டு. அதுவரை வீராங்கனை என்று புகழ்ந்த பத்திரிகைகளே இப்போது அரசுப் பணத்தில் சும்மா இருக்கிறாள் என்று திட்டின.

1921 மக்கள்தொகைக் கணக்கில் வேலையில் இருந்த பெண்களின் விகிதம் 1911-ஐ விடக் கொஞ்சம் குறைவு. 1931-லும் பெண்களின் மிகப் பெரிய தொழில் வீட்டு வேலையே. எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

ஆனால் திரும்பிப் போனவர்கள் பழைய ஆட்களாகப் போகவில்லை. இரவு தங்கமாட்டேன், காலையில் வந்து மாலையில் போய்விடுவேன் என்றார்கள். தலையில் அந்த வெள்ளைத் தொப்பியைப் போடமாட்டேன் என்றார்கள். வேலை நேரத்தை முதலிலேயே பேசிக்கொண்டார்கள். பலர் போகவே இல்லை. கடை, அலுவலகம், பிஸ்கட் ஆலை, பிறகு மின்சாதன ஆலை என்று தேடிப் போனார்கள், அங்கே கூலி குறைவாக இருந்தால்கூட. வேலைக்காரி கிடைக்கவில்லை என்ற புலம்பல் பத்திரிகைகளில் நிரம்பி வழிந்தது. 1923-ல் நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த நேரத்தில், வீட்டு வேலைக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று விசாரிக்கத் தொழிலாளர் அமைச்சகம் ஒரு குழுவே போட்டது.